ஒரே கையில் இரண்டு காப்பு

எங்கள் வட்டாரத்து லாரி ஓட்டுநர்களுக்கு மாதத்தில் பாதி நாள் உடம்புச் சூடு அரை டிகிரி ஏறி நிற்கிறது, பிறகு இறங்கிவிடுகிறது, மறுமாதமும் அதே கதை. இதை முதலில் கவனித்தவன் நான்தான். கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லாத ஒரு சங்கதி செம்மாண்டபாளையத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கிறது! டீசல் புகையா, குடிதண்ணீரா, ஊருக்கு மேலே போகும் மின்கம்பியா என்று ஒவ்வொன்றாகத் துருவினேன். ஓர் இரவு மொட்டை மாடிக்குப் போய் நிலாவைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன்.

நான் மனநாடி மையத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவன். அரசாங்கம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த அந்தக் கைப்பட்டைக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. மக்கள் அதைக் 'காப்பு' என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நாடித்துடிப்பு, தூக்கம், வியர்வை, உடம்புச் சூடு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒருவரின் மனசு தூக்குகிற பாரத்தை நூற்றுக்கு இத்தனை என்று அது சொல்லும். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் எங்கள் ஆலோசகர் ஜீப்பில் வீட்டுக்கே வருவார். மற்றவர்கள் விருப்பப்பட்டால் கட்டிக்கொள்ளலாம். லாரி ஓட்டுநர்களுக்கு மட்டும் கட்டாயம். காப்பு இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. மூன்று முறை சிவந்தால் ஆலோசகர் நேரில் பார்த்து 'ஓட்டலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து.

பெருமை தாங்காமல், அந்தச் சூடு ஏறி இறங்கும் கோட்டைத் திரையில் ஆலோசகர் ஹெப்சிபாவிடம் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திரையை உற்றுப் பார்த்தார்.

"இது யாரோடது சார்?"

"பூபதின்னு ஒரு டிரைவர். நாற்பத்திரண்டு வயசு."

ஹெப்சிபா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சார், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்லா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் மேடம்?"

"இந்த ஆளு இன்னும் நாலஞ்சு நாள்ல வயித்து வலி, இடுப்பு வலின்னு சுருண்டு படுப்பாரு. பந்தயம் கட்டட்டுமா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பூபதியின் காப்பு பூபதியின் கையில் இல்லை. அவர் மனைவியின் கையில் இருக்கிறது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் ஆண்பிள்ளைகள் எதைத்தான் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்? பீரோ சாவி, பிரஷர் மாத்திரை, வண்டி இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் வீட்டுக்காரி பொறுப்பு. டாக்டரிடம் போனால்கூட அவர் கம்மென்று உட்கார்ந்திருப்பார், எங்கே வலிக்கிறது என்று மனைவிதான் சொல்வாள். கண்விழித்து வண்டி ஓட்டும்போது காப்பு சிவந்து தொலைத்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே மனசையும் கழற்றி, "பத்திரமா வெச்சிரு" என்று அவள் கையில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பதைக் காப்பு சொல்லக்கூடாது என்று சங்கம் போராடி வாங்கியிருந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று. சூடான ஒரு மணிக்கட்டு இருந்தால் அதற்குப் போதும்.

எங்கள் இயக்குநர் வைத்தீஸ்வரன் வேறொரு கண்டுபிடிப்பில் மிதந்துகொண்டிருந்தார். இந்த ஊரில் கணவன் கோடும் மனைவி கோடும் அச்சாக ஒன்றுபோல் ஏறி இறங்குகின்றன என்பதைப் பார்த்து, அதற்கு 'இல்லற ஒத்திசைவு' என்று பெயரும் வைத்து, டெல்லி மாநாட்டுக்குக் கட்டுரை தயார் செய்துகொண்டிருந்தார். ஈருடல் ஓருயிர் என்பதற்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டதாம். ஓருடல் இருபெயர் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அந்த வாரமே பூபதியின் காப்பு மூன்றாவது முறையாகச் சிவந்தது. முந்தைய இரண்டு முறையும் ஹெப்சிபா போயிருந்தார். இரண்டு முறையும் பூபதி லோடு ஏற்றிப் போயிருந்ததால் மனைவியிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். இந்த முறை நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற உற்சாகம் எனக்கு. ஹெப்சிபா வழியெல்லாம் பேசவில்லை.

வீட்டு முன்னால் ஒரு லாரி நிற்கும் அளவுக்குக் காலி இடம், நடுவில் எண்ணெய்க் கறை. கோகிலவாணி சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயது என்று எங்கள் பதிவு சொன்னது, முகம் இன்னும் பத்து கூட்டிச் சொன்னது.

"வாங்கக்கா. அவரு இல்லீங்க. நாக்பூரு தாண்டிட்டேன்னு காத்தால பேசுனாரு."

"அவர் காப்பு எங்கம்மா?" என்றேன், போலீஸ்காரர் தோரணையில்.

"அவரு கைலதானுங்க."

"எந்தக் கையில?"

கோகிலவாணி என்னைப் பார்க்கவில்லை. ஹெப்சிபாவைப் பார்த்தார். பிறகு இடது கைச் சட்டையை மடித்துவிட்டார். கண்ணாடி வளையல்களுக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு காப்பு. ஒன்று மஞ்சளாக மினுங்கியது. இன்னொன்று சிவப்பாக.

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். ஆனாலும் குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன். ஆயிரக்கணக்கான கோடுகளைப் பார்க்கிறவன் நான், ஒரு மணிக்கட்டைப் பார்த்ததில்லை. ஒரே நாடி, ஒரே ரத்தம். பெண் பெயரில் இருந்த காப்பு 'பரவாயில்லை, சமாளி' என்றது. ஆண் பெயரில் இருந்த காப்பு 'ஓடி வாருங்கள்' என்று கத்தியது.

"ஏனுங்க சார், நானே கேக்கணும்னு இருந்தேன். ரெண்டும் என்ற கைலதான் இருக்குது. ஒண்ணு மஞ்சளாவும் ஒண்ணு செவப்பாவும் எப்படிங்க காட்டும்? கெட்டுப்போச்சுங்களா?"

"கெடலைம்மா. ரெண்டுமே அறுபத்திநாலுன்னுதான் சொல்லுது. ஆனா ஆம்பளைக்கு ஐம்பது தாண்டினாலே சிவப்பு. பொம்பளைக்கு எழுபது தாண்டணும்."

"அதென்னங்க அப்படி?"

நான் விளக்கினேன். அந்த விளக்கத்தை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படிக் கூச்சப்பட்டதில்லை. "உலகம் பூரா கணக்கெடுத்தா, மனச்சோர்வும் பதற்றமும் ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ரெண்டு மடங்கு வருதும்மா. அவங்களுக்குச் சாதாரணமாவே எண் கொஞ்சம் கூட இருக்கும். அதனால கோட்டை ஏத்தி வெச்சிருக்கு. ஆம்பளைங்க வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. குடிப்பாங்க, கோவப்படுவாங்க, திடீர்னு ஒரு நாள் உயிரை விட்டுருவாங்க. தற்கொலையில அவங்கதான் அதிகம். அதனால அவங்ககிட்ட சீக்கிரமா போகணும்."

"பொம்பளைக்கும் ஐம்பதுன்னு வெச்சா?"

"பாதி ஊரு சிவப்பாயிடும்மா."

கோகிலவாணி கொஞ்சம் யோசித்தார். "அப்ப பாதி ஊரு செவப்புதானுங்களே?"

நான் திரும்பி, தண்ணீர் குடிக்கும் மாட்டைப் பார்த்தேன்.

அவரே பேசினார். "மொதத் தடவ செவந்தப்ப உசுரே போயிருச்சுங்க. அவரு லைசென்ஸ் போச்சேன்னு அழுதேன். அப்ப அக்கா வந்தாங்க. 'அவரு தூங்குறாரா'ன்னு கேட்டாங்க. தூங்கறதில்லீங்க, விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துருதுங்கன்னேன். 'சாப்புடுறாரா'ன்னாங்க. சோத்தப் பாத்தாலே கொமட்டுதுங்கன்னேன். 'வாழ்ந்து என்ன பண்றதுன்னு அவருக்குத் தோணுதா'ன்னு கேட்டாங்க. தோணுதுங்கன்னேன். பூராவும் அவரு அவருன்னே சொன்னனுங்க. அத்தனையும் நாந்தான். என்னைய அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதே இல்லீங்க. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்."

"உங்க காப்பு மஞ்சளாச்சுன்னா ஒண்ணும் வரலியாம்மா?"

"மெசேஜ் வருதுங்களே." போனை எடுத்துக் காட்டினார். 'ஓய்வு எடுங்கள். வெந்நீர் குடியுங்கள். மனதுக்கு நெருக்கமானவரிடம் பேசுங்கள்.' அதே வாசகம் பட்டியலாகக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. "எனக்குன்னா மெசேஜ் வருது. அவருக்குன்னா ஜீப்பு வருது. அதான் சார் கழட்டல. லைசென்ஸுக்கு ஆபத்துன்னு தெரியும். தெரிஞ்சும் கழட்ட மனசு வரல."

"என்னம்மா பிரச்சினை? வீட்டுல ஏதாவது..."

"அதேதான் எல்லாரும் கேக்கறாங்க. அவரு நல்ல மனுசன். புள்ள ஹாஸ்டல்ல நல்லாப் படிக்குது. ஒரு கொறையும் இல்லீங்க. காச்சல் வந்தா எதுக்கு வந்துச்சுன்னு யாரும் கோவிச்சுக்கறதில்ல. இதுக்கு மட்டும் காரணம் சொல்லோணும்." குரல் தாழ்ந்தது. "நேத்து கெணத்து மோட்டாரு போடப் போனவ அங்கயே நின்னுட்டனுங்க, உள்ளாரப் பாத்துக்கிட்டு. எவ்வளவு நேரம்னு தெரியல. பக்கத்துத் தோட்டத்தக்கா கூப்புட்டாங்க, வந்துட்டேன்."

ஹெப்சிபா அவரை வாசற்படியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காப்பும் இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நான் அலுவலகத்துக்குப் போய் உண்மையை எழுதினால் பூபதியின் லைசென்ஸ் போகும். காப்பு அவர் கைக்குத் திரும்பும். கோகிலவாணி அறுபத்திநாலோடு மஞ்சளாக, வெந்நீர் குடித்துக்கொண்டு, அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருப்பார்.

அன்று பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு, வண்டியை வேறொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வரச்சொல்லிப் பூபதிக்குப் போன் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

"உங்களுக்கு எப்பவே தெரியுமா?" என்று ஜீப்பில் கேட்டேன்.

"ரெண்டாவது தடவ போனப்பவே தெரியும் சார். புருசனப் பத்திச் சொல்ற எந்தப் பொம்பளையும் அவ்வளவு துல்லியமாச் சொல்ல மாட்டா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அது மஞ்சள் கேஸ். மஞ்சள் பொம்பளைக்கு ஜீப்பு கிடையாது. நான் எப்படிப் போய்ப் பார்க்க?"

மறுநாள் இயக்குநரிடம் போனேன். பெயர் சொல்லாமல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். ஜன்னல் வழியாக வெளியே நின்ற இரண்டு ஜீப்புகளைக் காட்டினார்.

"ரெண்டு ஜீப்பு, நாலு ஆலோசகர், ஒரு டாக்டர். ஒரே கோடு போட்டா நாளைக்கே மூவாயிரம் பொம்பளைங்க சிவப்பு. யாரை அனுப்புவே? நீ போவியா?"

"ஆனா அவங்க நிஜமாவே..."

"தம்பி, அந்தக் கோடு நோய்க்காகப் போட்டது இல்லப்பா. ஜீப்புக்காகப் போட்டது." சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பொம்பளைங்க தாங்கிக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை. அதான் உண்மை."

பிறகு அவரே வேறொரு செய்தி சொன்னார். காப்பு கை மாறுகிறது என்று எங்கோ புகார் போயிருக்கிறது. ஆகவே பூட்டு வைத்த புதுக் காப்பு வருகிறது. ஒரு முறை மாட்டினால் மையத்தின் சாவி இல்லாமல் கழற்ற முடியாது. சொந்தக்காரர் கையில் நேரில் மாட்டிவிட்டு வரவேண்டிய வேலை எனக்கும் ஹெப்சிபாவுக்கும். முதலில் செம்மாண்டபாளையம்.

நாங்கள் போனபோது பூபதி வந்துவிட்டிருந்தார். ஆஜானுபாகுவான ஆள், குழந்தைபோல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்று முகமே காட்டியது.

"சார், போன்ல செவப்புன்னு வர்றப்பெல்லாம் நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? என்ற மனசுதான் கெட்டுக் கெடக்குதுன்னு நெனச்சேன். காப்பு இவ கைல இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியுமே! இருந்தும் இவளுக்குன்னு தோணவே இல்லீங்க. அதுல இருக்கறது என்ற பேரு பாருங்க." பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்புள்ள, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க போன் பண்றப்ப ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. அப்ப எப்படிச் சொல்றது?" என்றார் கோகிலவாணி.

ஹெப்சிபா பூபதியிடம் கேட்டார். "உங்க மனசு எப்படி இருக்கு? நான் உங்களைத்தான் கேக்கேன்."

பூபதி பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார். கோகிலவாணி வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரே பேச வேண்டியதாயிற்று.

"வண்டில தனியா இருக்கறப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க. சில நேரம் ஓரங்கட்டிட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். அழுவாச்சி வரும், அழுவ வராது. கிளீனரும் இல்ல இப்பெல்லாம், வண்டியே பாதி ஓட்டிக்குது. யாருகிட்டச் சொல்றதுங்க? சொன்னா லைசென்ஸ் போயிரும். போகாட்டியும் ஆம்பளைக்கு என்னடா கேடுன்னு கேப்பானுங்க."

என் மடியில் இரண்டு புதுக் காப்பு. ஒன்றில் பூபதி, மற்றொன்றில் கோகிலவாணி. முதலாவதை எடுத்தேன். பூபதி கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய், கோகிலவாணியின் மணிக்கட்டில் அதை வைத்து அழுத்தினேன். பூட்டு விழுந்தது. சற்று நேரத்தில் சிவந்தது.

"சார், அது என்ற காப்புங்க!"

"இல்ல. இது அவங்களுது."

ஹெப்சிபா என்னை ஒரு பார்வை பார்த்தார். வெறும் புள்ளிவிவரக்காரனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு மற்றதை எடுத்துப் பூபதியின் கையில் மாட்டினார். "இதோட மெசேஜ் இனி உங்க போனுக்கு வர்ற மாதிரி நம்பரை மாத்தி விடுதேன். இதுல எழுபது வரைக்கும் உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. லைசென்ஸுக்கும் ஆபத்து இல்ல. எழுபது தாண்டினா நானே ஓட்ட விடமாட்டேன், அது எனக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம். சரியா?"

"சரிங்கக்கா." வயிறு குலுங்கச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மாதக்கணக்கில் அழ வராத ஆள், அந்த வாசலில் வைத்து அழுதார்.

பூபதியை நேரில் பார்த்ததாகவும், வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து சிகிச்சை தேவை என்றும், வண்டி ஓட்டத் தடையில்லை என்றும் ஹெப்சிபா கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு வாரமும் ஜீப் வந்தது. டாக்டரம்மா வந்தார். மாத்திரைச் சீட்டில் மட்டும் கோகிலவாணி என்றே எழுதினார். மருந்திடம் பொய் சொல்ல முடியாதே. நாங்கள் செய்தது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டப்படி தப்பு என்பது நன்றாகத் தெரியும். எண்பதடி வண்டியை ஓட்டுகிறவரை அளக்கும் கோட்டை உயர்த்தியிருக்கிறோம் என்ற நினைப்பு சில நாள் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் அதற்கு முன்பு அவரை யாருமே அளக்கவில்லை என்பதும் நினைவுக்கு வரும்.

மற்ற வீடுகளில், லாரி இல்லாத வீடுகளிலும்கூட, நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்களே கேட்டார்கள். "கோகிலாக்காவுக்கு மாட்டுன மாதிரி எங்களுக்கும் மாட்டீட்டுப் போங்க சார்." எல்லோரும் இல்லை. தேவைப்பட்டவர்கள் மட்டும். ஹெப்சிபா ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு, எந்தக் கையில் எதை மாட்டுவது என்று முடிவு செய்தார்.

ஆண்டு முடிவில் அறிக்கை வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஆண்களின் மனநோய் ஒரே வருடத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. வைத்தீஸ்வரன் பதறிப்போனார். இல்லற ஒத்திசைவைக் குப்பையில் போட்டுவிட்டு, 'கண்டுகொள்ளப்படாத ஆண்கள்' என்று புதுக் கட்டுரை எழுதினார். டெல்லியில் பெரிய பரபரப்பாம். ஆண்களுக்கு இப்படியென்றால் விடலாமா? அடுத்த மாதமே மேலும் ஐந்து ஜீப்பும் பன்னிரண்டு ஆலோசகர்களும் வந்து இறங்கினார்கள். அவர்கள் எல்லோரும் சிவப்பு ஆண்களைத் தேடிப் போய், சமையலறை வாசல்களில் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போது ஹெப்சிபாவைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார்கள். உடம்புச் சூட்டுக் கோட்டைப் பார்க்கிறவன் மையத்தில் நான் ஒருவன்தான். நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் பிற்பகலில், திரையில் கோகிலவாணி என்ற பெயருக்கு எதிரே எண் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது, அறுபத்திரண்டு. மஞ்சள். வழக்கமான மெசேஜ் போனது. பிறகு எண் மெல்ல மெல்ல இறங்கியது.

மறுநாள் வீட்டுக்குப் போன ஹெப்சிபாவிடம் கோகிலவாணி சொல்லியிருக்கிறார். பூபதி விதர்பாப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் பண்ணியிருக்கிறார்.

"கோகிலா, மெசேஜ் வந்திருக்குது. ஓய்வு எடுத்துட்டேன். வெந்நிக்கு இங்க எங்க போறது? மூணாவதா, நெருக்கமானவங்ககிட்டப் பேசோணுமாம். அதான்."

"பேசுங்க. நான் சும்மாத்தான் இருக்கேன்."

ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லையாம். அழும் சத்தம்தான் கேட்டதாம். எங்கள் பதிவில் அது அறுபத்திரண்டு, மஞ்சள், பெண். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.